பரணில் போட்ட குரோஷாவை மீண்டும் கையில் எடுப்போருக்கு: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டறியும் வழி

சென்ற தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, சேலம் அம்மாப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். அதனுள் பாதியில் நின்றுபோன வெள்ளை நூல் மேசை விரிப்பு ஒன்றும், பச்சை உல்லன் நூலில் தொடங்கிய குழந்தைத் தொப்பி ஒன்றும், துருப் படிந்த 1.25 மி.மீ. எஃகுக் கொக்கி ஒன்றும் இருந்தன. விரிப்பு, ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்தபோது பதின்மூன்று வயதில் தொடங்கியது. தொப்பி, என் மகள் வயிற்றில் இருந்தபோது இணையக் காணொளி ஒன்றைப் பார்த்துத் தொடங்கியது. இரண்டையுமே, கொக்கியால் நூலைப் பின்னும் குரோஷா எனக்குக் கை வராது என்ற முடிவோடுதான் மூடி வைத்திருந்தேன்.

அன்று மாலை அந்த விரிப்பின் கண்ணிகளை, அதாவது ஒவ்வொரு தனிப் பின்னலையும், வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்தேன். அடி வரிசையில் 40 கண்ணிகள், அடுத்ததில் 39, அதற்கடுத்ததில் 38 என்று இறங்கிக்கொண்டே வந்து, பத்தாவது வரிசையில் 31 கண்ணிகள் இருந்தன. கை வராதவர் பின்னினால் ஒரு வரிசையில் மூன்று குறையும், இன்னொன்றில் இரண்டு கூடும். ஒவ்வொரு வரிசையிலும் பிசகாமல் ஒன்றே ஒன்று குறைந்திருக்கிறது என்றால், கை நன்றாகவே வேலை செய்திருக்கிறது, ஏதோ ஒரு விதியை மட்டும் தவறாகப் புரிந்துகொண்டு அதையே ஒழுங்காகச் செய்து வந்திருக்கிறேன் என்றுதான் பொருள். மனம் வெறுத்துக் குரோஷாவை விட்டவர்களில் பலருடைய கதை இதுவாகவே இருக்கும் என்று நம்புகிறேன். ஆகவே பழைய பின்னலைத் தூக்கி எறிவதற்கு முன் அது எப்படிக் கெட்டிருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். கெட்ட விதமே காரணத்தைச் சொல்லும்.

இங்கே பின்னல்களின் பெயர்களை அமெரிக்க வழக்கில் எழுதியுள்ளேன். அப்படிச் சொல்ல வேண்டியிருப்பதே ஒரு பெரிய கோளாறுக்குக் காரணம். அதைப் பிறகு விளக்குகிறேன்.

கொக்கியை எங்கே நுழைப்பது என்றே தெரியவில்லை. பத்து நிமிடத்தில் கண் வலிக்கிறது

இது பொருளின் குற்றம். நம் ஊரில் குரோஷா என்றாலே மெல்லிய வெள்ளை நூலும் ஊசிபோன்ற எஃகுக் கொக்கியும்தான் கொடுத்துப் பழக்கினார்கள். தேர்ந்தவர்களுக்கு உரிய அந்தப் பொருளை முதல் நாளிலேயே பிள்ளைகள் கையில் கொடுத்ததை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. மீண்டும் தொடங்குவோர் நடுத்தரப் பருமனுள்ள, பிசிறில்லாத, வெளிர்நிற நூலும் 4 அல்லது 5 மி.மீ. அலுமினியக் கொக்கியும் வாங்கிக்கொள்ள வேண்டும். கறுப்பு, கருநீலம், பூனை ரோமம்போலப் புசுபுசுவென்ற நூல் ஆகிய மூன்றையும் ஆறு மாதத்துக்குத் தொட வேண்டாம், ஏனெனில் அவற்றில் கண்ணி கண்ணுக்கே தெரியாது.

கடைவீதி ஃபேன்சி ஸ்டோரில் கொக்கியை எண் சொல்லிக் கேட்டால் குழப்பம் வரும். எஃகுக் கொக்கிகளில் எண் ஏற ஏறக் கொக்கி மெலியும், மற்றவற்றில் எண் முறை நாட்டுக்கு நாடு மாறும். மில்லிமீட்டரைச் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பானது. நூலுருண்டையின் காகிதப் பட்டையிலும் அந்த நூலுக்கு உகந்த கொக்கியின் அளவு மில்லிமீட்டரில் அச்சிட்டிருப்பார்கள்.

அடிச் சங்கிலி வில்போல் வளைந்து, பின்னலின் அடிப்பாகம் சுருங்குகிறது

பின்னலுக்கு அடித்தளமாக முதலில் போடும் வளையத் தொடரான சங்கிலியை இறுக்கிப் போட்டதே காரணம். சங்கிலி போடும்போது நூல் தானாகவே இறுகும், அதன்மேல் வரும் வரிசைகள் அகலமாக விரியும், ஆகவே துணி விசிறிபோல் ஆகிறது. தளர்த்திப் போடு என்று சொல்வது எளிது. பயந்த கை தளராது. அதற்குப் பதிலாக, சங்கிலியை மட்டும் அரை அல்லது ஒரு மி.மீ. பெரிய கொக்கியால் போட்டுவிட்டு, முதல் வரிசையிலிருந்து வழக்கமான கொக்கிக்கு மாறுங்கள்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கண்ணியின் அளவைக் கொக்கியின் பருத்த தண்டுதான் தீர்மானிக்க வேண்டும். கழுத்து ஒடுங்கிய நுனிப் பகுதியிலேயே வளையத்தை நிறுத்திவிட்டு அடுத்ததைப் பின்னினால், 5 மி.மீ. கொக்கியைப் பிடித்திருந்தாலும் 3 மி.மீ. கண்ணிகள்தாம் விழும். ஒவ்வொரு வளையத்தையும் தண்டுவரை ஏற்றி விட்டுப் பிறகு அடுத்த இழையைப் பற்ற வேண்டும். எங்கள் தெருவில் தறிக்குப் பாவு கட்டுகிறவர்கள் இழையை விரலால் தடவியே இறுக்கம் சொல்வார்கள். நமக்கும் நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின்மேல் ஓடவிட்டால் அந்த உணர்வு இரண்டு வாரத்தில் வந்துவிடும்.

ஓரங்கள் உள்வாங்கிச் செவ்வகம் கோபுரமாகிறது, அல்லது விரிந்து முறமாகிறது

என் விரிப்பைக் கெடுத்தது இதுதான். புதிதாகத் தொடங்குவோரை அதிகம் அழவைப்பதும் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு வரிசை முடிந்து துணியைத் திருப்பியதும், அடுத்த வரிசையின் உயரத்துக்கு ஏறச் சில சங்கிலிகள் போடுகிறோம். மிகக் குட்டையான பின்னலான சிங்கிளுக்கு 1, அதிலிருந்து படிப்படியாக உயரும் ஹாஃப் டபுளுக்கு 2, டபுளுக்கு 3, டிரெபிளுக்கு 4. இந்தத் திருப்புச் சங்கிலியைக் கண்ணியாகக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. வழக்கமாக டபுளுக்குப் போடும் மூன்று சங்கிலிகளும் சேர்ந்து ஒரு முழுக் கண்ணியாக எண்ணப்படும். சிங்கிளுக்குப் போடும் ஒற்றைச் சங்கிலி எண்ணப்படாது.

டபுள் வரிசையில் மூன்று சங்கிலி போட்ட பிறகு, அதன் அடியிலேயே உள்ள முதல் கண்ணியை விட்டுவிட்டு இரண்டாவதில் தொடங்க வேண்டும், ஏனெனில் முதல் கண்ணியின் இடத்தில் அந்தச் சங்கிலி ஏற்கெனவே நிற்கிறது. அதே காரணத்தால், வரிசையின் முடிவில் கடைசிக் கண்ணியை முந்தைய வரிசையின் திருப்புச் சங்கிலி உச்சியில், அதாவது மூன்றாவது சங்கிலியில், பின்ன வேண்டும். நான் விட்டது இதைத்தான். அந்தச் சங்கிலி மற்றக் கண்ணிகளைப்போல் நிமிர்ந்து நில்லாமல், மெலிந்து, சற்றே பின்புறமாகச் சாய்ந்து நிற்கும். பார்ப்பதற்கு ஓரத்து நூல்போலத்தான் இருக்கும். வரிசைக்கு ஒன்று என்று அதை விட்டுக்கொண்டே போனால், திருப்பித் திருப்பிப் பின்னுவதால் இழப்பு இரு ஓரங்களுக்கும் மாறி மாறிப் போய், துணி இருபுறமும் சமமாகக் குறுகும். மாறாக, திருப்புச் சங்கிலியின் அடியில் உள்ள முதல் கண்ணியிலும் ஒன்று பின்னிவிட்டு, முடிவில் சங்கிலியின் உச்சியிலும் பின்னினால் வரிசைக்கு ஒன்று கூடும்.

சிங்கிளில் இது தலைகீழ். ஒற்றைச் சங்கிலிக்குக் கணக்கு இல்லை என்பதால் முதல் கண்ணியிலேயே பின்ன வேண்டும், முடிவில் அந்தச் சங்கிலியைத் தொடக் கூடாது. டபுளின் பழக்கத்தில் முதல் கண்ணியைத் தாண்டினால் ஒன்று குறையும். முடிவில் சங்கிலியிலும் பின்னினால் ஒன்று கூடும்.

திருத்தும் வழி மிக எளிது. நான்கைந்து ஊக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். டபுள் பின்னுகிறீர்கள் என்றால், திருப்பியவுடன் மூன்றாவது சங்கிலியைப் போட்டதுமே அதில் ஓர் ஊக்கை மாட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது அந்த ஊக்கு இருக்கும் இடத்தில்தான் கடைசிக் கண்ணி. சிங்கிளில் ஒவ்வொரு வரிசையிலும் முதலாவது கண்ணியைப் பின்னியதும் அதில் மாட்ட வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு மருமகள், "அக்கா, எனக்கு மட்டும் ஏனுங்க்கா கோணலாவே வருது?" என்று ஒரு கைக்குட்டையளவு துணியோடு வந்தபோது, இரண்டு ஊக்குகளைத் தவிர வேறு எதையும் நான் கற்றுக்கொடுக்கவில்லை. அன்று இரவே ஓரம் நேராகிவிட்டது.

தொடக்கக் கணக்கும் இதனோடு சேர்ந்ததே. 40 டபுள் வேண்டுமென்றால் 42 சங்கிலி போட்டு, கொக்கியிலிருந்து நான்காவதில் முதல் டபுளைப் பின்ன வேண்டும், விட்ட மூன்றும் ஒரு கண்ணியாகும். 40 சிங்கிள் என்றால் 41 சங்கிலி போட்டு இரண்டாவதில் தொடங்க வேண்டும். கொக்கியில் மாட்டியிருக்கும் வளையத்தை எப்போதும் எண்ணக் கூடாது.

ஓரத்தில் இல்லாமல் துணியின் நடுவில் ஆங்காங்கே ஓட்டை தெரிந்தால், அது கவனம் சிதறி ஒரு கண்ணியைத் தாண்டியது. பின்னலை மேலிருந்து பார்த்தால் கண்ணிகளின் தலைகள் சடை பின்னியதுபோல் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொரு தலைக்கும் இரண்டு இழைகள், அந்த இரண்டுக்கும் அடியில் கொக்கி போக வேண்டும். ஒன்றை மட்டும் பற்றினால் துணியில் குறுக்கே வரம்பு வரம்பாகக் கோடு எழும், துணியும் நெகிழ்ந்து தொங்கும்.

வழிமுறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியும் உருவம் வேறாக வருகிறது

என் பச்சைத் தொப்பியின் கதை இது. குரோஷாவில் ஒரே பெயர் அமெரிக்காவில் ஒரு பின்னலையும் பிரிட்டனில் வேறொரு பின்னலையும் குறிக்கும். அமெரிக்கர் சிங்கிள் என்பதைப் பிரிட்டிஷார் டபுள் என்பார்கள். அமெரிக்க ஹாஃப் டபுள் அங்கே ஹாஃப் டிரெபிள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். பிரிட்டிஷ் வழக்கில் சிங்கிள் என்ற பெயரே பொதுவாக இல்லை. ஏற்காட்டில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஆசிரியை ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை வைத்துப் பிரிட்டிஷ் பெயர்களில் கற்றுக்கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து நான் பார்த்த காணொளியோ அமெரிக்கப் பெயர்களில் இருந்தது. அதில் டபுள் என்று சொன்ன இடத்திலெல்லாம், என் கை அறிந்த டபுளை, அதாவது அதில் ஏறக்குறையப் பாதி உயரமே உள்ள குட்டைப் பின்னலை, நான் போட்டுக்கொண்டிருந்தேன். காணொளியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தும் என் தொப்பி அல்லிப்பூப்போல மடிப்பு மடிப்பாக அலைந்தது.

எந்த வழக்கில் எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு. சிங்கிள் என்ற சொல் எங்கேனும் இருந்தால் அமெரிக்க வழக்கு. இல்லாவிட்டால் திருப்புச் சங்கிலியைப் பாருங்கள். டபுளுக்கு முன் 1 சங்கிலி என்று இருந்தால் பிரிட்டிஷ் வழக்கு, 3 என்று இருந்தால் அமெரிக்க வழக்கு. கண்டுபிடித்ததும் அதைத் தாளின் தலையில் எழுதிவிட்டுத்தான் பின்னத் தொடங்க வேண்டும்.

பெயரெல்லாம் சரியாக இருந்தும் அளவு மட்டும் பொருந்தவில்லையென்றால் அது இறுக்கத்தின் கணக்கு. வழிமுறை 10 செ.மீ.க்கு 16 கண்ணி என்று சொல்ல, உங்கள் கைக்கு 18 வருகிறது என்று வையுங்கள். 64 கண்ணிகள் 40 செ.மீ. வர வேண்டிய இடத்தில் 35.6 செ.மீ.தான் வரும், தொப்பி தலையில் ஏறாது. கண்ணி கூடுதலாக விழுந்தால் பெரிய கொக்கி, குறைவாக விழுந்தால் சிறிய கொக்கி. முதலில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, ஓரங்களை விட்டு நடுவில் அளந்து பார்ப்பதற்கு ஆகும் அரை மணி நேரத்தைச் சிக்கனம் செய்ய வேண்டாம்.

வட்டம் தட்டையாக இல்லாமல் கிண்ணமாகிறது அல்லது சுருக்கு வைத்த பாவாடைபோல அலைகிறது

கிண்ணமானால் கண்ணி போதவில்லை, அலைந்தால் மிஞ்சிவிட்டது. எத்தனை போட வேண்டும் என்பதை மனப்பாடம் செய்வதைவிட ஏன் என்று அறிந்துகொள்வது மேல். வட்டத்தின் ஆரம் ஒரு அலகு கூடினால் சுற்றளவு 6.28 அலகு கூடும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். சிங்கிளின் உயரமும் அகலமும் கிட்டத்தட்டச் சமம். ஆகவே ஒரு சுற்று ஏறும்போது ஆறு கண்ணிகள் கூட வேண்டும், 6, 12, 18, 24, 30 என்று. டபுள் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரம் என்பதால் சுற்றுக்குப் பன்னிரண்டு, 12, 24, 36, 48 என்று. என் தொப்பி ஏன் அலைந்தது என்பது இப்போது விளங்கும். குட்டைப் பின்னலைப் போட்டுவிட்டு உயரப் பின்னலுக்கு உரிய பன்னிரண்டைக் கூட்டிக்கொண்டே போனேன்.

கூட்டுவது என்பது ஒரே கண்ணியில் இரண்டு பின்னுவது. சிங்கிளில் மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றிலும், நான்காம் சுற்றில் இரண்டு விட்டு ஒன்றிலும் கூட்ட வேண்டும். எல்லாச் சுற்றிலும் கூட்டும் இடம் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தால் வட்டம் அறுகோணமாகத் தெரியும். ஒரு சுற்றுவிட்டு ஒரு சுற்றில் இடத்தைச் சற்றுத் தள்ளிவைத்தால் போதும். பெரிய வட்டங்களில் லேசான குழிவு மட்டும் இருந்தால் பிரிக்க வேண்டாம், நனைத்துத் தட்டையாக்கும்போது சரியாகிவிடும். சுற்றாகப் பின்னும்போது சிங்கிள் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக அமராமல் படிப்படியாக ஒருபுறம் சாய்வது பின்னலின் இயல்பே. அதைக் குற்றம் என்று எண்ணித் திருத்த முயலக் கூடாது.

நூல் கொக்கியில் ஒட்டுகிறது, இழை பிளக்கிறது

சித்திரை, வைகாசியில் சேலத்து வெயிலில் அக்ரிலிக் நூலும் பிளாஸ்டிக் கொக்கியும் வியர்த்த கையில் நகரவே நகராது. அந்த மாதங்களில் பருத்தி நூலுக்கு மாறி, விடியற்காலையில் பின்னுங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்து, துளி முகப்பவுடர் தடவிக்கொள்ளலாம், அடர்நிற நூலில் மட்டும் அது படிந்து தெரியும். மலைமேல் கோளாறு வேறு. மழைக்கால மூடுபனியில் மூடிய டப்பாவில் வைத்த பருத்திப் பின்னல் பூஞ்சை பூக்கும். ஏற்காட்டில் இருப்பவர்கள் துணிப்பையில் போட்டு, வெயில் வரும்போதெல்லாம் எடுத்து உலர்த்த வேண்டும்.

இழை பிளப்பதற்குப் பெரும்பாலும் நூலின் முறுக்கு அவிழ்வதே காரணம். பின்னப் பின்ன முறுக்கு கூடவோ குறையவோ செய்யும். வளையத்தில் ஓர் ஊக்கை மாட்டி, நூலுருண்டையைத் தொங்கவிட்டால் அதுவே சுழன்று சமநிலைக்கு வந்துவிடும்.

மணிக்கட்டு வலிக்கிறது

கொக்கியைப் பென்சில்போலப் பிடிப்பவர்கள் கத்திபோலவும், கத்திபோலப் பிடிப்பவர்கள் பென்சில்போலவும் ஒரு நாள் மாற்றிப் பார்க்கலாம், இரண்டும் சரியான பிடிகளே. அரை மணிக்கு ஒருமுறை கொக்கியைக் கீழே வையுங்கள். விரல்கள் மரத்துப்போவது தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முடித்த பிறகு மூலை சுருள்கிறது. நிறம் பட்டையாகத் தெரிகிறது. நூல் முனை வெளியே வருகிறது

பருத்தியை நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தடித்த துண்டின்மேல் உரிய அளவுக்கு இழுத்துக் குண்டூசி குத்தி நிழலில் காயவிட்டால் மூலை அடங்கும். அக்ரிலிக்கின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது. சூடு பட்டால் அது உயிரற்றுத் துவண்டுவிடும், பிறகு எதைச் செய்தும் மீட்க முடியாது. நிறம் மாறுவது சாயத் தொகுதி, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களின் தொகுதி, மாறியதால். காகிதப் பட்டையில் உள்ள தொகுதி எண் ஒன்றாக இருக்கும்படி தேவையான உருண்டைகளை ஒரே நாளில் வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு உருண்டைகளிலிருந்தும் இரண்டிரண்டு வரிசை மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு கரைந்துவிடும். நூல் முனையை ஒட்ட நறுக்கி முடிச்சுப் போடுவது பெரிய தவறு. 15 செ.மீ. விட்டு, மழுங்கிய ஊசியில் கோத்து, ஒருபுறம் செருகி, திரும்பி மறுபுறம், மீண்டும் முதல் புறம் என்று மூன்று முறை திசை மாற்றிச் செருகினால் துவைத்தாலும் வெளியே வராது.

பழைய பின்னலைப் பிரிப்பதா, தொடர்வதா

தவறு எந்த வரிசையில் தொடங்கியது என்று தெரிந்தால் அந்த வரிசைவரை மட்டும் பிரிக்கலாம். என் விரிப்பில் அது இரண்டாம் வரிசையிலேயே தொடங்கியதால் முழுவதும் பிரித்தேன். பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும், அதை அப்படியே பின்னினால் கண்ணிகள் ஒழுங்காக அமையா. நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நன்கு ஊறவைத்து, அடியில் சிறிய கனம் ஒன்றைக் கட்டிக் கொடியில் தொங்கவிட்டேன். மறுநாள் நெளிவு பெரும்பாலும் போய்விட்டது. துருப் படிந்த கொக்கியை ஒதுக்கிவிட்டு, புதிதாக வாங்கிய அதே அளவுக் கொக்கியால் 42 சங்கிலி போட்டு, நான்காவதில் தொடங்கி ஒரு வரிசை முடித்து எண்ணினேன், 40 இருந்தது. திருப்பி மூன்று சங்கிலி போட்டு, மூன்றாவதில் ஊக்கை மாட்டினேன். நேற்று இருபத்திரண்டாவது வரிசை முடிந்தது. அதிலும் 40.